ஜும்ஆ நேரத்து வேகம்

டோஹாவிலிருந்து மாமி மகன் றிஸ்வான் கோல் எடுத்தபோதுதான் அந்த யோசனை தட்டியது. இரண்டு கிழமையில், வெள்ளி பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, அவன் தங்கை நஸ்ரினுக்கு நிக்காஹ். மாமா சுனாமியோடு போய்விட்டார். தகப்பன் இடத்தில் நிற்க வேண்டியவன் றிஸ்வான். லீவு கிடைக்கவில்லை, தனக்குப் பதிலாகத் தகப்பனின் தம்பி சாச்சாவை நிற்கச் சொல்லிவிட்டான்.

"மாப்பிள்ள 'கபூல்' எண்டு சொல்றத்த மட்டும் நான் பாக்கணும் மச்சான்" என்றான்.

ஏற்றுக்கொண்டேன் என்கிற அந்த ஒரு சொல்லில்தானே கலியாணமே!

சரி, வீடியோ கோல். எந்த நெட்வேர்க்கில்?

யுத்தம் முடிந்ததும் கம்பனிகள் முண்டியடித்து வந்துவிட்டன. எங்கள் கல்முனைக்குடியில் அண்ணாந்து பார்த்தால் மினாரா, இல்லாவிட்டால் டவர். மாமி வீட்டில் சிடிஎம்ஏ போன் இருந்தது, லெப்டொப்பில் மாட்டினால் இன்டர்நெட்டும் தரும் கம்பியில்லாத வீட்டுப் போன். என்னிடம் லெப்டொப்பில் செருகுகிற புத்தம்புது த்ரீஜீ டொங்கிள். விளம்பரத்தை யார் நம்புவது? அடுத்த வெள்ளியே லெப்டொப்போடு மாமி வீட்டு மொட்டை மாடியில் ஏறி இரண்டின் வேகத்தையும் அளந்தேன். மத்தியான ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, ஊரே பள்ளிவாசலுக்குள்... நான் மட்டும் மாடியில். (அதைப் படைத்தவனோடு நான் பேசிக்கொள்கிறேன்.)

டொங்கிள் பறந்தது. சிடிஎம்ஏ, நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர் மாதிரி ஊர்ந்தது. இனியென்ன யோசனை?

நிக்காஹ் நாள், மாமி வீடு. மௌலவி ஓதி முடித்தார். சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார்...

திறந்த வாயோடு றிஸ்வானின் திரையில் உறைந்துவிட்டார்.

நான் டொங்கிளைக் கழற்றி மாட்டுவதற்குள் கலியாணம் முடிந்துவிட்டது. ஓடிப்போய் சிடிஎம்ஏ போனை எடுத்து வந்தேன். கோல் எடுக்கச் சொல்லி றிஸ்வானுக்கு மிஸ்ட் கோல் கொடுத்தேன். அவன் எடுத்தான். ரிசீவரை மௌலவியின் தாடியருகே பிடித்தேன். வாழ்த்துப் பிரார்த்தனையான துஆ கணீரென்று போயிருக்கிறது.

"எல்லாரும் ஆமீன் சொன்னது கேட்டுது மச்சான்" என்றான் றிஸ்வான். "எதுக்குச் சொன்னயள் எண்டுதான் தெரியல்ல."

சிரித்தான்.

ஏன் இப்படி? பிரியாணி முடிந்து தெருவில் இறங்கியதும் விடை கிடைத்தது. வீட்டுக்கு வீடு ஜன்னலோரம் யாராவது ஒருவர் வெளிநாட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார். வளைகுடாவில் வெள்ளி லீவு அல்லவா? நமக்கு அஸர் ஆகும்போது அங்கே ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, தூங்கப் போகுமுன் எல்லாக் கணவன்மாரும் ஒரே நேரத்தில் குடும்பப் பாசத்தில் விழுகிறார்கள். டவர் என்ன செய்யும், பாவம்? நான் அளந்தது, ஊர் பள்ளிக்குள் இருந்த நேரத்து வேகம்!

எந்த நெட்வேர்க் வேகம் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

வாற வெள்ளி, அதே அஸர் நேரம், புதுத் தம்பதியை ஓட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஊர் பாண்டிருப்புக்குக் கொண்டுபோகிறேன். என் கூட்டாளி சிவாவின் வீட்டு மாடி. அங்கே வளைகுடாவுக்குப் போனவர்கள் குறைவு, அந்தப் பக்கத்து டவருக்கு வெள்ளி பின்னேரம் அவ்வளவு வேலையில்லை என்கிறான் சிவா. நம்பவில்லை, மணிக்கொரு தரம் அளக்கச் சொல்லியிருக்கிறேன். றிஸ்வான் பார்க்க, மாப்பிள்ளை மறுபடி ஒருமுறை 'கபூல்' சொல்லவும் சம்மதித்துவிட்டார்.

அவருக்கு ஒரே சந்தேகம்... இரண்டாந்தரம் சொன்னால் இரண்டாம் கலியாணம் ஆகிவிடாதே? மௌலவியிடம் கேட்கும் பொறுப்பு என் தலையில்.