அடுத்த தடவை வரும் வரை

பஞ்சர் கடைக்காரர் நெஞ்சில் பேஸ்மேக்கரோடு வீடு திரும்பிய வாரம், எதிர்க்கடை சலூன்காரர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, கடைசியில உங்களுக்கே பஞ்சர் ஒட்டிட்டாங்களா?”

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். சிரிக்கும்போதும் இடது கை விலாவோடு ஒட்டியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொல்லியிருந்தார்: “அடுத்த தடவை வர்ற வரைக்கும் இந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. ஒயர் நகர்ந்துடும்.”

அவர் இடது கைக்காரர். ஸ்பேனர், ஷட்டில் மட்டை எல்லாம் அந்தக் கையில்தான். கடையின் பின்சந்தில், ஷட்டர் கொக்கிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே பழைய ட்யூபைக் கீறிக் கட்டியதுதான் வலை. சாயங்காலமானால் அவரும் மகளும் ஆடுவார்கள். அவர் எம்பி அடிக்கும் அடியை எடுப்பதற்கென்றே மகள் வளர்ந்தாள் என்று சொல்லலாம்.

தப்பு நடந்தது அந்த ‘அடுத்த தடவை’யில். மயக்கம் நின்றது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. “நல்லா இருக்கிறவன் எதுக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கணும்?” என்று அவர் போகவே இல்லை. போகாததால் தடையும் முடியவில்லை. மனைவி தலை வாரிவிட்டார், சட்டை மாட்டிவிட்டார்.

மகள் மட்டையோடு வந்து நிற்பாள். “அப்பா, இன்னிக்காவது?”

“டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்மா.”

“எப்பப்பா பார்ப்பீங்க?”

“பார்க்கலாம், பார்க்கலாம்.”

கேட்பது குறைந்தது. பிறகு வெளியூரில் படிக்க இடம் கிடைத்து அவள் போய்விட்டாள். மட்டையை எடுத்துப் போகவில்லை.

தோள்வலி தூங்கவிடாதபோதுதான் அவர் டாக்டரிடம் போனார். நெஞ்சுக்குள் இருந்த கருவியில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் கையைப் பிடித்துத் தூக்கினார். அது பாதியிலேயே இறுகி நின்றது.

“ஏன் இப்படி விட்டீங்க?”

“நீங்கதானே சார் தூக்கக்கூடாதுன்னீங்க.”

“கொஞ்ச நாளைக்குத்தானே சொன்னேன்! வந்திருந்தா அன்னிக்கே ஆடச் சொல்லியிருப்பேன்.”

இப்போது டாக்டர் சொன்ன பயிற்சியாக, கடைச் சுவரில் தினமும் இடது கை விரல்களைப் பல்லி மாதிரி ஊர்ந்து ஏறவிடுகிறார். “சுவர் விழுந்துடாதுண்ணே, விடுங்க” என்கிறார் சலூன்காரர். காலண்டர் ஆணி இன்னும் எட்டவில்லை.

விடுமுறைக்கு மகள் வந்தாள். ட்யூபைக் கட்டினார்கள். அவள் மெதுவாக, இடுப்பு உயரத்துக்கே தட்டிவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கு அவர் அப்படித்தான் போடுவார்.

“மேல போடும்மா.”

“வேணாம்ப்பா.”

“டாக்டரே ஆடச் சொல்லிட்டாரு. போடு.”

உயரத் தூக்கிப் போட்டாள். அவர் எம்பினார். கால் எழும்பியது, மட்டை காதைத் தாண்டவில்லை. ஷட்டில் தலைக்கு மேலே கடந்து டயர் அடுக்குக்குள் விழுந்தது.

“நான் போட்டதுதான் சரியில்லப்பா” என்றாள் மகள். அவள் போட்டதில் குறையே இல்லை. “அடுத்த தடவை வரும்போது நல்லா போடறேன்.”

“அடுத்த தடவை எல்லாம் வேணாம்மா. இப்பவே போடு.”

அவள் ஷட்டிலைத் தேடி எடுத்து வந்து, இடுப்பு உயரத்துக்குத் தட்டிவிட்டாள்.