ஒன்பதாம் அத்தியாயத்தில் சாகாத பெண்

மருத்துவமனையின் தரைக்குக் கீழே சலவைக்கூடம். காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை நீள மேசையைச் சுற்றி நின்று ஆறு பெண்கள் மடிப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பத்தாவது வரை படித்தவள். இயந்திர இரைச்சலையும் மீறிக் கணீரென்ற குரல். தினமும் ஒரு மணி நேரம் அவள் நாவல் படிக்க வேண்டும். அவள் பங்கு விரிப்புகளை மற்ற ஐவரும் மடித்துவிடுவார்கள். இதற்கு வாசகர் வட்டம் என்று பெயர் வேறு. பத்தொன்பது வருடமாக இந்த ஏற்பாடுதான்.

அன்று காலை, அவர்களில் மூத்தவளான அக்கா சாவகாசமாகச் சொன்னாள்.

"ரேடியோ, இன்னிக்கு மதியம் அந்தப் புஸ்தகம் எழுதினவங்க வராங்க. நான்தான் லெட்டர் போட்டேன்."

"எந்தப் புஸ்தகம்?"

"எந்தப் புஸ்தகமா? மூணு மாசமா நீ படிக்கிறியே, அதுதான்."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புத்தகத்தில் அவள் பண்ணியிருந்த வேலை அப்படி.

நாவலில் படகுக்காரரின் மகள் ஒன்பதாம் அத்தியாயத்தில் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அக்கா. அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ரேடியோவுக்கு நாக்கு எழவில்லை. 'விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது' என்று வாய்க்கு வந்ததைப் படித்துவிட்டாள்.

பிழைத்தவள் சும்மா இருப்பாளா? பள்ளிக்கூடம் போனாள், படகு ஓட்டக் கற்றாள், வாயாடினாள். பக்கங்களை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக்கொண்டு, மீதிக் கதை முழுவதையும் ரேடியோ கைச்சரக்காகவே ஓட்டினாள். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.

இப்போது எழுத்தாளர் வாயைத் திறந்தால் தீர்ந்தது. தன் பங்கையும் சேர்த்து மடித்த ஐந்து பேர் முகத்தில் எப்படி விழிப்பாள்? இனி இந்த மேசையில் அவள் சொல்லை யார் நம்புவார்கள்?

எழுத்தாளர் வந்தார். குள்ளமான, கூச்சப்படுகிற பெண்மணி. கவிழ்த்துப் போட்ட அழுக்குத்துணிக் கூடையின்மேல் உட்கார்ந்தார். அந்த ஐவரில் இஸ்திரியும் போடுகிறவளுக்கு எதிலும் அவசரம்.

"ஏம்மா, படகுக்காரர் பொண்ணு அவ மாமனை ஆத்துல தள்ளிவிட்டாளே, அது நிஜமா நடந்ததா?"

"யாரு தள்ளிவிட்டா?" எழுத்தாளர் விழித்தார். "அந்தப் பொண்ணுதான் ஒன்பதாம் அத்தியாயத்துலயே செத்துப்போயிடுறாளே!"

ஐந்து தலைகளும் திரும்பின. ரேடியோ முகத்தில் ஈயாடவில்லை.

"அடிப்பாவி! மூணு மாசம் உன் பங்கை மடிச்சோமேடி!" என்றாள் இஸ்திரிக்காரி.

"கத்தாதே. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

ரேடியோவுக்கு இதுதான் பெரிய அடி. மாட்டிக்கொண்டதைக்கூடத் தாங்கியிருப்பாள்.

"அந்தப் பொண்ணு மேல ஆசைப்பட்டு நானும் ஒரு புஸ்தகம் வாங்கினேன். வீட்ல எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அங்க செத்துட்டா. மறுநாள் இங்க வந்தா படகு ஓட்டுறா. ஒருநாள்கூட லீவு போடாம வந்தேனே, எதுக்குன்னு நினைச்சே?"

ரேடியோ விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்கா எழுத்தாளர் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் கூப்பிட்டேன். அவளை ஏம்மா கொன்னீங்க?"

எத்தனையோ கூட்டங்களில் பேசிய எழுத்தாளர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பிழைக்க வைக்கிற வழி எனக்குத் தெரியலைம்மா" என்றார் கடைசியில்.

இஸ்திரிக்காரி இன்னும் உர்ரென்றுதான் இருந்தாள். ஆனாலும் ரேடியோவின் முன்னால் இருந்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மூக்கைச் சிந்தினது போதும். ஆத்துல விழுந்த அந்த மாமன் கரையேறினானா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். எழுத்தாளர் எழுந்து வந்து, அக்கா பிடித்திருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.