சுவரில் சிரிக்கும் மெக்கானிக்

"பத்து வருஷமா எங்ககிட்டயே கடன் வாங்குறீங்களே, ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"எழுதிக்கப் போறியா?"

"ஆமா. வாடிக்கையாளர் மலருக்கு. தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழியிலயும் வரும்."

"அப்ப ரெண்டு மொழியிலயும் எழுதிக்க. என் வண்டியோட ஆர்.சி. புக் உங்க பீரோவுல மாட்டிக்கிட்டிருக்கு. அதான்."

"வேற ஏதாவது காரணம்…"

"இருக்கே. இங்க ஏசி நல்லா குளிருது. சர்வீஸ் பண்ணது நான்தான். அந்தக் கூலியும் இன்னும் வரல."

அவர் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். பழுதான பெட்டிகளைக் கடைக்கு ஏற்றிவர ஒரு குட்டி வேன் வேண்டும் என்று, நான் வேலை பார்த்த நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். தவணை தவறாமல் கட்டி முடித்தார். வண்டி புக்கைக் கேட்டால், தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். அலைந்தார். கடைசியில் மேனேஜர் தோளில் கை போட்டு, "அதே புக் மேல இன்னொரு கடன் போட்டுக்குங்களேன், அலைச்சல் மிச்சம்" என்றார். கம்ப்ரசர் வாங்கக் கையில் காசில்லாத நேரம். போட்டுக்கொண்டார். மறுபடி கட்டினார், மறுபடி அலைந்தார். ஒழுங்காகக் கட்டுகிறவனைத்தான் அங்கே விடவே மாட்டார்கள். திருடனாவது ஒருமுறை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இவர்கள் வாசலில் நின்று வணக்கம் வேறு சொல்வார்கள். இதற்கு 'வாடிக்கையாளர் விசுவாசம்' என்று பெயர் வைத்து மீட்டிங்கில் கைதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது, "குடும்பத்துல ஒருத்தனா பாத்துக்கிறாங்க" என்றிருந்தது. கேஷ் கவுண்டருக்கு மேலே அவர் படத்தையும் பெரிதாக மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் தெருவிலிருந்து பெயிண்டரும் பால்காரரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் புக்குகளும் பீரோவுக்குள் போயின.

பிறகு அவர் மச்சான் டாக்சி வாங்கக் கிளம்பினான். இங்கே மட்டும் வேண்டாம் என்று இவர் தலைதலையாய் அடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் சுவத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பீங்க, என் தம்பி போனா ஆகாதா?" என்று மனைவி கேட்டாளாம்.

மறுநாள் மச்சான் கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் மதியம், மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டூல் பையோடு உள்ளே வந்தார். ஏசி பக்கம் திரும்பவேயில்லை. என் நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேர் கீழே போட்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். சக்கரம் வைத்த நாற்காலி.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தார்.

"ஆடுது. கொஞ்சம் கெட்டியா பிடிச்சுக்கம்மா."