வைக்கோல் ஏற்றிவந்த அண்ணன்

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுபவர் ஹரியானாக்காரர். அண்ணன் முறையில் அவர் எங்களுக்குப் பையா; அண்ணி முறையில் நான் அவருக்குப் பாபிஜி. பக்கத்துச் சந்து ஒன்றில் எருமைகள் வைத்திருந்தார். பாலில் பெரும்பகுதி டீக்கடைகளுக்கும் இனிப்புக் கடைகளுக்கும் போய்விடும். கொரோனா ஊரடங்கில் கடைகளெல்லாம் மூடியதும், நிறைந்த கேன்களோடு எங்கள் மாடிப்படியடியில் வந்து நின்றார்.

"பாபிஜி, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. எருமைக்கு ஊரடங்கு தெரியாதே."

நான் கூடுதலாக வாங்கித் தயிர் தோய்த்தேன், பனீர் செய்தேன். அக்கம்பக்கத்திலும் சொன்னேன். இருந்தாலும் தீவன விலை ஏறிக்கொண்டே போனது. இரண்டு எருமைகளை விற்றுவிடலாமென்று பார்த்தார். சந்தையே கூடாதபோது வாங்க யார் வருவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் அரசு நிவாரணப் பணம் போடுகிறது என்று செய்தி வந்தது. மறுநாள் காலை அவர் கீழே நின்றபடி என் கணவரைக் கூப்பிட்டார். என் கணவர் அரசாங்க குமாஸ்தா. எல்லா அரசாங்க விஷயமும் அவருக்குத் தெரியுமென்பது பையாவின் நம்பிக்கை.

"சாப், எங்களுக்கும் உண்டா?"

இவர் போனில் தேடிப் படித்துவிட்டு பால்கனியிலிருந்து கேட்டார். "நிலம் யார் பேர்ல இருக்கு?"

"ஊர்ல அண்ணன் பேர்ல. எருமைங்கதான் என்னுது."

"இது நிலம் வச்சிருக்கறவங்களுக்கு, பையா."

"அச்சா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார்.

உள்ளே வந்ததும் நான் விடவில்லை. "ஏங்க, எருமை வளர்க்கறவர் விவசாயி இல்லையா?"

"விதி அப்படி இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

"உங்களை யார் குறை சொன்னா?"

கோதுமை அறுவடை முடிந்த சமயம், எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு டெம்போ வழி தெரியாமல் நின்றது. பின்னால் மலைபோல வைக்கோல். டிரைவர் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் பால்காரரின் வீட்டை விசாரித்தார். அண்ணன்தான் அவர். டில்லி எல்லையில் போலீஸ் மறித்தும், மாட்டுத் தீவனம் என்று விட்டுவிட்டார்களாம்.

பையாவுக்குப் போன் செய்துவிட்டு, காப்பி போட்டு எடுத்துப்போய் மதில்மேல் வைத்தேன். தள்ளி நின்றுகொண்டேன்.

"டீயா இது? கசக்குதே," என்றார். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு அவராகவே பேசினார்.

"என் கணக்குல அரசாங்கப் பணம் விழுந்துச்சு, மகளே. தம்பிக்குப் போன் போட்டேன், பணம் வேணாம்னுட்டான். சரி, எருமைங்க என்ன திங்குதுன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டான். அதான் அந்தப் பணத்துல டெம்போ பிடிச்சு, வைக்கோலை ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

அதற்குள் பையா வந்துவிட்டார். காலைத் தொடக் குனிந்தவர், தொற்று ஞாபகம் வந்து பாதியில் நின்றார். அண்ணனே அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஜல்தி வா, இறக்கணும். டெம்போக்காரர் திரும்பிப் போகணும்."

டெம்போ மட்டும்தான் அன்று திரும்பியது. சாப்பிடாமல் போகக்கூடாதென்று தம்பி மனைவி பிடித்துக்கொண்டதில், பெரியவர் எருமைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பல நாள் தங்கினார்.

எருமைகளை விற்கவில்லை. மழைக்காலத்தில் ஒன்று கன்று போட்டது. பையா கொடுத்த சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, மாடி வீடுகளுக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுத்தேன்.