பள்ளிக்கூடத்தில் பிறந்த மூன்று வித்வான்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் ஒரே நாளில்தான் பிறந்தோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் அன்று, பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களிடம் ஹெட்மாஸ்டர், "எப்பப் பொறந்தான்?" என்று கேட்பார். "பெரிய மழை ஊத்துச்சே, அந்த வருசம் சார்" என்று ஒருத்தர் சொல்வார். "புது வலை வாங்கினோம், அதுக்கு முன்னால" என்று இன்னொருத்தி சொல்வாள். மழையையும் வலையையும் வைத்துக்கொண்டு ரிஜிஸ்தரில் என்ன எழுதுவது? பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அன்றைய தேதியில் ஐந்து வருஷத்தைக் கழித்து எழுதிவிடுவார். அதோடு சரி.

எனக்குக் கை எட்டவில்லையாம். ஹெட்மாஸ்டர் என் தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலை இழுத்துக் காதோடு ஒட்டவைத்தார் என்று என் சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உனுக்கு வயசு கூட்டித்தான் போட்டாங்க" என்பாள். எத்தனை கூட்டினார்கள் என்றால் அவளுக்குத் தெரியாது. நான் பிறந்தபோது அவள் வேறு ஊரில் இருந்தாள். அம்மாவைக் கேட்டால், "அதத் தெரிஞ்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?" என்று மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்பாவுக்கு என் வயது மட்டுமல்ல, அவர் வயதே தெரியாது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பழவேற்காட்டு ஏரியில் பிடித்த மீனைக் கும்மிடிப்பூண்டித் தெருக்களில் கூவி விற்றவள் அவள். "காலைல புடிச்சதா?" என்று வாங்குகிறவர்கள் கேட்டால், "இல்லக்கா, நேத்து சாயங்காலத்து மடவை. கொழம்புக்கு ஆவும், வறுக்காதீங்க" என்பாள். மற்ற மீன்காரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கும் ஆத்திரமாகத்தான் வரும். ஊர் உலகத்தில் எல்லாரும் கூசாமல் சொல்லும்போது இவளுக்கு மட்டும் என்ன கேடு?

என்னோடு அதே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் எனக்கு உயிர் சிநேகிதர்கள். ஒருவன் கோயில் மேளக்கார வீட்டுப் பையன், நாயனம் வாசிப்பான். மற்றவன் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவன். அவன் வீட்டார் ஒரு தலைமுறை முன்புவரை பண்ணை வேலை செய்தவர்கள். நான் எங்கள் குப்பத்துப் பஜனைக் கோயிலில் டோலக் அடித்தேன். ஒருவன் பாட்டு இன்னொருவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாயனக்காரன் என் டோலக்கைத் "தகர டப்பா" என்பான். நாங்கள் இருவரும் அவன் நாயனத்தைக் கேட்டால் மாடு மிரளும் என்போம். ஆனால் சினிமாவுக்குப் போவதென்றால் மூன்று பேரும் சேர்ந்துதான் போவோம்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. முந்திரித் தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் இருந்த இடத்தில் தகரக் கொட்டகைகள் எழும்பின. அதில் ஒன்று இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனி. மூன்று பேரும் அங்கே டெம்பரரியாகச் சேர்ந்தோம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான சட்டம். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டைக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். கேட்டில் நின்ற வாட்ச்மேன் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாடா, பால் பல்லு வுழுந்துச்சா?" என்றான்.

அவன் கேலிக்குக் கேட்டான். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அப்பா கண் பார்வை மங்கி, வலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கீழே இரண்டு தங்கைகள். என் உண்மையான வயது தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்பேன். இரண்டு வருஷம் அந்தப் பயத்தோடுதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

இதில் ஆபீசர் ஒருத்தர் வந்து சேர்ந்தார். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் கையில். தெற்குப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் சங்கீதப் பைத்தியம் பாதி, ஜாதகப் பைத்தியம் பாதி. நாங்கள் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று பேரும் தனித்தனியாக வாசித்தோம். நோட்டீஸ் போர்டில் எழுதுவதற்காக எங்கள் கார்டுகளை எடுத்துப் பார்த்தவர், அப்படியே நாங்கள் கம்பி இழுக்கிற ஷாப்புக்கு ஓடி வந்துவிட்டார்.

"டேய், மூணு பேருக்கும் ஒரே பிறந்தநாளா? ஒரே வருஷம், ஒரே தேதி, ஒரே ஊர்! மூணு பேருக்கும் சங்கீதம்! ஒருத்தன் கோயில், ஒருத்தன் சர்ச், ஒருத்தன் பஜனை. இது சாதாரண விஷயமில்லைடா. கிரகம் அப்படி உட்கார்ந்திருக்கணும்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிரகம் எங்கே உட்கார்ந்தது, ஹெட்மாஸ்டர் அல்லவா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்! ஆனால் அதை எப்படிச் சொல்வது? அதே தேதிக்காரர்கள் கம்பெனியில் இன்னும் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டு வராததால் அவர்கள் கார்டை ஆபீசர் பார்க்கவில்லை. ஆபீஸ் கிளார்க்குக்கு எல்லாம் தெரியும். அவர் டீ குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அடுத்து வந்த எங்கள் 'பிறந்தநாளுக்கு' ஆபீசர் கம்பெனி ஷெட்டிலேயே கச்சேரி வைத்துவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். நாயனத்தின் சுருதியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆர்மோனியக்காரனுக்கு விரல் பழகியதோ வேறொரு கட்டையில் மட்டும். இரண்டும் சேர்ந்து கிளம்பியபோது முதல் வரிசையில் இருந்த குழந்தை அழுதது. நான் அந்த அமர்க்களத்தை மூடப் பார்த்து டோலக்கை ஓங்கி ஓங்கி அடித்தேன். ஆபீசர் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷம்தானாம்.

அந்தக் கச்சேரிக்குப் பெற்றவர்களையும் வரச் சொல்லியிருந்தார். பிறந்த நேரம் தெரிந்தால் ஜாதகம் கணித்துவிடலாம் என்று அவர் ஆசை. நாயனக்காரனின் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "கோழி கூவுற நேரம் சார்" என்றார். ஆர்மோனியக்காரனின் அப்பா, "கோயில் மணி அடிச்சுது, இவன் வுழுந்தான்" என்றார். இரண்டு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள், கேட்டிருந்தால். என் அம்மா வரவில்லை. "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடட்டுமா?" என்று கிளம்பும்போது கேட்டேன். "நான் நல்லாத்தான் கீறேன். வரமாட்டாளாம்னு சொல்லு" என்றாள். அப்படியே போய்ச் சொன்னேன்.

அடுத்த வருஷம் விஷயம் முற்றியது. எங்கள் மூன்று பேரையும் பர்மனென்ட் செய்யும் ஆர்டர் வந்துவிட்டது. அதைப் பிறந்தநாள் மேடையிலேயே கொடுப்பதாக ஆபீசர் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "இந்த வாட்டி நானும் வரேன்" என்றாள்.

"வெயிலு ஜாஸ்தியா கீதும்மா, வாணாம்" என்றேன். "நான் பார்க்காத வெயிலா?" என்றாள். "மேடையில ஏத்திக் கேள்வி கேப்பாங்கம்மா." "கேக்கட்டும்." இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிநேகிதர்களிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். நாயனக்காரன், "பேஜார் ஆவாத. உங்கம்மா மைக் கிட்ட போனதும் நான் ஒயரப் புடுங்கிடறேன்" என்றான். அதைத் தவிர வேறு வழி எனக்கும் தோன்றவில்லை.

அன்று ஷெட்டில் நல்ல கூட்டம். கச்சேரி முடிந்தது. ஆபீசர் மூன்று கவர்களையும் கையில் வைத்துக்கொண்டு என் அம்மாவை மேடைக்கு அழைத்தார். ஒரே மாதிரிக் கட்டம் போட்ட இரண்டு ஜாதகத் தாள்கள் அவர் சட்டைப் பையில் இருந்தன. மூன்றாவதற்குத்தான் காத்திருந்தார்.

"அம்மா, உங்க பையன் எத்தனை மணிக்குப் பிறந்தான்?"

நாயனக்காரன் சொன்னபடி ஒயரைப் பிடுங்கினான். மைக் செத்தது. ஆனால் தெருத் தெருவாகக் கூவி மீன் விற்றவளுக்கு மைக் எதற்கு? கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மணி தெரியாது சார். நாளு தெரியும். ஆனா நீங்க எழுதி வச்சிக்கினு கீறீங்களே, அது இல்ல."

டோலக்கின் மேல் இருந்த என் கை வழுக்கி, அது தானாக ஒரு தடவை 'டொம்' என்றது.

"ஹெட்மாஸ்டர் போட்ட தேதி சார் அது. இவன் அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சி, சித்திரை மாசம் பௌர்ணமிக்கு மறுநாளு பொறந்தான். இந்தச் சித்திரையோட பதினெட்டு முடிஞ்சிபோச்சு. நான் எண்ணிக்கினேதான் வந்தேன்."

பதினெட்டு முடிந்துவிட்டதா? எனக்கா? அந்த வார்த்தை என் காதில் விழுந்து, உள்ளே இறங்கிப் புரிவதற்குள் ஆபீசர் கேட்டுவிட்டார்: "அப்போ போன வருஷம் ஏம்மா வரலை?"

"போன வருசம் வந்திருந்தா பதினேழுன்னு சொல்லியிருப்பேனே சார்."

யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் ஷெட்டே சிரித்தது. நாயனக்காரன் பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்தபடியே எழுந்து, "சார், எனுக்கும் அது பொறந்தநாள் இல்ல சார்" என்றான். ஆர்மோனியக்காரனும் எழுந்தான். அவன் ஞானஸ்நானச் சீட்டில் வேறு தேதி இருக்கிறதாம். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஃபிட்டர், வெல்டர், லாரியில் கம்பி ஏற்றுகிறவர் என்று, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பேரும். என் சிநேகிதர்களின் அப்பன்மார் இரண்டு பேர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோழியும் கோயில் மணியும் இப்போது உதவிக்கு வரவில்லை.

ஆபீசர் அவர்களை எல்லாம் பார்த்தார். பையிலிருந்த இரண்டு ஜாதகங்களை எடுத்து மடித்தார். "இத்தனை பேர் பிறந்திருக்கீங்க, மூணு பேருக்குத்தான் பாட்டு வந்ததா?" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் கவரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த ஆர்மோனியக்காரனின் மாதாவையும் விடவில்லை.

"அன்னைக்கு இவனை எடுத்தது தப்புதான். இன்னைக்கு இவனை அனுப்ப என்கிட்ட சட்டம் இல்லை. ரெக்கார்டு ரெக்கார்டாவே இருக்கட்டும்மா" என்று சொல்லி, கவரை என்னிடம் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்தார்.

நான் அப்படியே டோலக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கினால் மனிதனுக்கு முதலில் வருவது பசிதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். கம்பெனியில் கொடுத்த புளிசாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"பதினெட்டு ஆயிடுச்சின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா? பொறந்த நாளையாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அம்மா கவரை முந்தானையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள்.

"ஊட்டு வாசல்லயே ஏரி. நீ தண்ணியக் கண்டா ஓடுவ. உன்ன வுட்டுட்டு வியாபாரத்துக்குப் போவப் பயம் நைனா எனுக்கு. அதான் ஹெட்மாஸ்டருகிட்ட அஞ்சு வயசுன்னு ஒரு பொய்யி சொன்னேன். உனுக்கு நிஜம் தெரிஞ்சிருந்தா, கேக்கறவங்களுக்கெல்லாம் நீயும் பொய்யி சொல்லணும். தெரியலன்னா, சர்ட்டிபிகேட்ல இருக்கிறத நீ பாட்டுக்குச் சொல்லுவ. சொன்ன பொய்யி எங்கிட்டயே இருக்கட்டும்னு வுட்டேன். இந்தச் சித்திரையிலயே உங்கிட்ட சொல்லியிருந்தா, 'வாணாம்மா, நாளு கணக்கு தப்பா இருக்கும்'னு என்ன வரவுடாம பண்ணியிருப்ப."

அவள் சொன்னது சரி. கட்டாயம் அப்படித்தான் செய்திருப்பேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் அழுதேன், ரோட்டில் நின்று, வெட்கமில்லாமல். "வேலைதான் ஆயிடுச்சே, இன்னாத்துக்கு அழுவுற?" என்று அதட்டிவிட்டு, அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. பெண்கள் பக்கம் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது அவளுக்கு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் என்னைக் கைகாட்டினாள். "எம்புள்ள. சித்திரை மாசம் பௌர்ணமிக்கு மறுநாளு பொறந்தான். பதினெட்டு முடிஞ்சிது" என்றாள். அந்த அம்மாள் எதுவும் கேட்டிருக்கவில்லை.