கச்சான் காற்றில் ஒரு பிறேக் சோதனை

ஐம்பது வயதைத் தொட்ட ஒரு மனிதன், தன் பழைய சைக்கிளுக்கு டிஸ்க் பிறேக் போடுவதா விடுவதா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று பொருள். அந்த மனிதன் நான்தான்.

சைக்கிள், கனடா மச்சான் விட்டுப்போனது. சேற்றிலும் மணலிலும் விழுந்தெழும்பி ஓடும் சைக்ளோகுரொஸ் பந்தயத்துக்கென்று செய்யப்பட்டது. நான் அதில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறேன். டிஸ்க் பிறேக் பூட்டுவதென்றால் முன் கவையையும் இரண்டு சில்லுகளையும் மாற்றவேண்டும்; பிறகு மிஞ்சப்போவது இருக்கையும் என் பிடிவாதமும்தான். இத்தனைக்கும் மன்னார்த் தீவில் இறங்கி வர ஒரு மேடு கிடையாது. பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று.

இந்த வியாதி சின்னமாமாவிடமிருந்து தொற்றியது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அயல்வீட்டு அக்காவின் சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு போவேன். கரியரில் வந்திறங்கும் பொதி என்று வகுப்பில் எனக்கு 'பாசல்' எனப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா தன் பழைய சைக்கிளைத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, பிறேக் பிடிக்கவேண்டும். அதன் கம்பி பிறேக்கை உப்புக்காற்று தின்று முடித்திருந்தது.

வீட்டில் சைக்கிள் வேலை தெரிந்தவர் அம்மாவின் தம்பியான சின்னமாமா. அவர் ஒரே நாளில் கம்பியைக் கழற்றிக் கேபிள் பிறேக் பூட்டிவிட்டார். சோதனைதான் முடியவில்லை.

"பிறேக்கைச் சும்மா பாக்கேலாது மருமகன். இறக்கத்தில விட்டுப் பாக்கோணும்."

"இங்க இறக்கம் எங்க மாமா?"

"இல்லைத்தானே? அப்ப காத்துத்தான் எங்களுக்கு இறக்கம்."

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வந்து பிறேக் பிடிக்கவேண்டும். அதற்கு முதலில் காற்றை எதிர்த்து, தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னார் வரை போகவேண்டும். மாமா ஒவ்வொரு பின்னேரமும் தவறாமல் போனார். திரும்பி வருகையில் ஊர் எல்லைப் பனையடியில் பிறேக்கை அமுக்குவார். சைக்கிள் நின்ற இடம்வரை நான் காலடியால் அளந்து கொப்பியில் எழுதுவேன். நாலைந்து கழுதைகளும் கூட நின்று அக்கறையாகப் பார்க்கும்.

ஒன்பதடி என்றால், "எட்டு வரோணும்" என்பார். எட்டு வந்தால், "நேற்று ஒன்பது, இண்டைக்கு எட்டு. ஒரு நிலையில்லையே!" என்று தலையை ஆட்டுவார்.

சோதனைக்கு முன் சட்டையை அயன் பண்ணி, முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொள்வார்.

"கசங்கின சட்டை காத்தைப் பிடிக்குமடா. கணக்குப் பிழைச்சுப் போடும்."

"பவுடர் மாமா?"

"வேர்வை கண்ணுக்க வழிஞ்சா பனை தெரியுமோ?"

அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதம் பாசலாகவே பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போன நேரம், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நின்ற நான் சைக்கிளை மேற்கே உருட்டிப்போய்த் திருப்பி ஏறினேன். காற்று தள்ளியது. பனை வந்ததும் இரண்டு பிறேக்கையும் உயிரைக் கொடுத்து அமுக்கினேன். சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. நான் நிற்கவில்லை. கழுதைகளுக்கு நடுவே போய் இறங்கினேன்.

முகம் அடிபட்டு நாடி கிழிந்து வந்த என்னைப் பார்த்த மாமா, அப்பாவிடம் சொன்னார்: "நான் சொன்னனான்தானே அத்தான், பிறேக் இன்னும் சரிவரேல்லை."

"ஓம் அப்பா, இன்னும் சோதிக்கோணும்" என்று இரத்தம் வழிய நானும் சாட்சி சொன்னேன். மாமாவின் பொறுப்புணர்வை நினைக்க எனக்குக் கண் கலங்கியது.

தை மாதம் தலைமன்னாரில் மாமாவுக்குக் கல்யாணம். அடுத்த நாளே பிறேக் சரியாகிவிட்டது. சைக்கிள் என் கைக்கு வந்தது. கல்யாண அவசரத்திலும் என்னை மறக்காத மனிதர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன கிழமை, மாமாவைக் கட்டிய அந்தத் தலைமன்னார் மாமிக்கு டிஸ்க் பிறேக்கின் நன்மை தீமைகளை அரை மணி நேரம் விளக்கினேன். தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, அந்தாள் பிறேக் பாக்க வந்த ரோட்டு முடியிற இடத்தில நான் நிண்டனான். நீ பாண் கடைக்குத்தானே போறாய்?"