தடைக்காலத்தில் வந்த வூட்டு கேம்

போன வாரம் எங்கள் ஆபீஸுக்கு ஒரு பார்சல் வந்தது. எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. பார்சல் எனக்கில்லை, பக்கத்து மேஜை பிரசாந்துக்கு. வீடியோ கேம் ஆடுகிற புது கன்ட்ரோலர். அட்டையைக் கிழித்து பாலிதீனைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது ரப்பரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. வெளியே வரிசையில் நின்ற டிரெய்லர்களின் டீசல் புகையைக்கூட அது ஒரு நிமிஷம் ஓரம் கட்டிவிட்டது. பிரசாந்த் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. இந்த வருஷம் அந்த கேம் பெட்டியைச் செய்கிற கம்பெனி சொந்தமாக ஒரே ஒரு கேம்தான் விட்டிருக்கிறதாம். இப்படியே போனால் பெட்டியைக் காயலான் கடையில் போட வேண்டியதுதானாம். வருஷத்துக்கு ஒன்று வருகிறதே என்று சந்தோஷப்படுங்கள் தம்பி என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எங்கள் காலத்தில் என்று ஆரம்பிக்கிறவர்களை எனக்கே பிடிக்காது என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். உங்களிடம் நிறுத்தப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த கன்ட்ரோலர்களில் அந்தப் புது வாசனை ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் தோழன் யூசுப்பும் கேம் கடை வைத்திருந்தோம். இரண்டு டி.வி., இரண்டு பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்சு. வருகிறவர்களில் பாதிப் பேர் காசிமேட்டு விசைப்படகு ஆட்கள். கையில் மீன் வாடையும் டீசலும் ஊறிப்போயிருக்கும். யூசுப் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு கிண்ணத்தில் பாதி பாதியாக வெட்டிய எலுமிச்சையும் வைத்திருப்பான். கையில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கன்ட்ரோலரைத் தொட வேண்டும். அதனால் எங்கள் கன்ட்ரோலர்களில் எப்போதும் எலுமிச்சையும் வஞ்சிரமும் சேர்ந்து மணக்கும். பசி நேரத்தில் விளையாடினால் கஷ்டம்.

கேம்களில் எங்களுக்கு இரண்டே ஜாதிதான். ஊரில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் போடுவது வெளி கேம். பெட்டி செய்கிற கம்பெனியே தன் பெட்டிக்காக மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்து போடுவது வூட்டு கேம். இந்தப் பெயரை வைத்தவர் தேசிங்கு. அவரை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே அவருடையதும் குமாருடையதும்தான். தேசிங்கு ஒரு விசைப்படகின் டிரைவர், அப்போது முப்பத்தெட்டு நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். குமார் அதே படகில் வலை இழுப்பவன், அவரைவிட ஏழெட்டு வயது சின்னவன், அவர் பேசாததையும் சேர்த்துப் பேசிவிடுவான். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு மாதம் படகுகள் கரையில் கிடக்கும்போது, வலை பின்னுகிற வேலை முடிந்ததும் இரண்டு பேரும் எங்கள் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் ஒரு வூட்டு கேமின் முதல் பாகத்தை ஆடினார்கள். வெள்ளத்தில் முங்கிப்போன ஒரு நாட்டில் ஒரு கேப்டன் படகோட்டிக்கொண்டு போவான். ஒருவர் ஆடுகிற கேம். ஆனால் இவர்கள் இரண்டு பேராக ஆடினார்கள். தேசிங்கு கையில் கன்ட்ரோலர், குமார் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாக இருப்பான். "லெப்ட்ல கீறான் அண்ணாத்த, ஒதுங்கு ஒதுங்கு" என்று அவன் சொல்லச் சொல்ல அவர் திருப்புவார். படகில் எப்படியோ அப்படியே. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஆடக்கூடாது என்பது அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தக் கேமில் ஒரு தோணிக்காரக் கிழவர் வருவார். எதற்கெடுத்தாலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், காற்றைத் திட்டுவார், கேப்டனைத் திட்டுவார். குமாருக்கு அவர் மேல் உயிர். நம்ம காசிமேட்டு ஆளு மாதிரியே கீறாரு என்பான். கடைசியில் ஒரு புயலில் அவரைக் காப்பாற்றுவதா விட்டுவிட்டுப் போவதா என்று கேம் கேட்கும். நாம் என்ன செய்தோமோ அது இரண்டாம் பாகத்திலும் தொடரும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. காப்பாற்றியிருந்தால் கிழவர் அதிலும் வருவார். அதனால் அவர்கள் ஆடி முடித்த அந்த ஆட்டத்தைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தோம்.

இரண்டாம் பாகம் அடுத்த வருஷம் வந்துவிடும் என்று நான் அடித்துச் சொன்னேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, சாக்பீஸில் தேதியும் எழுதினேன். வரவில்லை. அழித்து எழுதினேன். அடுத்த வருஷமும் அழித்து எழுதினேன். எதிர்ச் சாரியில் இன்னொரு கடை வந்து, அங்கே வேறு பெட்டி, மாதம் ஒரு புது கேம் என்று ஜேஜே என்று கூட்டம். வியாபாரம் போய்க்கொண்டிருக்கிறது, நீ இன்னும் பலகை அழித்துக்கொண்டிருக்கிறாய் என்று யூசுப் சத்தம் போட்டான். நான் அசரவில்லை. என் கணக்கு தப்பலாம், கம்பெனி தப்பாது என்றேன். நான் சொன்னதை அன்று நம்பிய ஒரே ஆள் தேசிங்கு. அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றைக்கும் போதும்.

"அவங்களுக்கும் தடைக்காலம் கீது நைனா. இப்போ வலைய போட்டா குஞ்சுதான் வரும். வுடு, பெருசாவட்டும்."

யோசித்துப் பாருங்கள். எதிர்க் கடையில் அந்த நாலு வருஷத்தில் நாற்பது கேம் வந்திருக்கும். ஒன்றின் பெயராவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. நான் எதிர்க் கடைக்காரன் என்பதால் மறந்திருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது வருஷத் தடைக்காலத்தில் குமாருக்கு பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை கிடைத்தது. ஜூன் நடுவில் விமானம். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கடைக்கு வந்து கேட்டது ஒன்றுதான்: போவதற்கு முன் அந்த கேம் வந்துவிடுமா, தேசிங்கு அண்ணனோடு உட்கார்ந்து முடித்துவிட்டுப் போக முடியுமா, கிழவரைப் பார்த்துவிடலாமா? அந்த வாரம்தான் கம்பெனி மே கடைசி என்று தேதி சொல்லியிருந்தது. நான் சாக்பீஸை வைத்துவிட்டு பெயின்ட் டப்பாவை எடுத்தேன். வெள்ளை பெயின்ட்டில் தேதி எழுதினேன். அழிக்க முடியாதபடி எழுதுகிற திமிர் எனக்கு அதற்கப்புறம் வந்ததில்லை.

சொன்ன தேதிக்கு மூன்று நாள் தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை, பாரிமுனையிலிருந்து டிஸ்க்கை நானே வாங்கி வந்தேன். குமார் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. தாராளமாகப் போதும். டிஸ்க்கை உள்ளே தள்ளி ஏற்றிக்கொண்டிருக்கச் சொல்லி குமாரிடம் விட்டுவிட்டு நான் டீக்குப் போனேன். யூசுப் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். தேசிங்கு வாசலில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது குமார் ரொம்பப் பெருமையாக உட்கார்ந்திருந்தான். பெட்டியில் இடம் இல்லை, எதையாவது அழி என்று திரையில் கேட்டிருக்கிறது. இவன் பட்டியலைப் பார்த்திருக்கிறான். படகில் மீன் அறை நிறைந்துபோய், அப்புறம் வலையில் நல்ல மீன் பாடு கிடைத்தால் என்ன செய்வார்கள்? முதல் நாள் பிடித்த பழைய மீனை எடுத்துக் கடலில் கொட்டிவிட்டுப் புதுசுக்கு இடம் பண்ணுவார்கள். பதினைந்து வருஷமாக அவன் செய்கிற வேலை அது. இங்கேயும் அதையே செய்துவிட்டான்.

"இருக்கறதுலயே பழசா ஒண்ணு இருந்துச்சி நைனா, தூக்கிக் கொட்டிட்டேன். ரெண்டு வாட்டி கேட்டுச்சி, ரெண்டு வாட்டியும் ஆமான்னுட்டேன்."

இருப்பதிலேயே பழசு எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாகம், அவர்கள் ஆடி வைத்த ஆட்டத்தோடு சேர்த்து. நான் விஷயத்தைச் சொன்னதும் குமார் முகம் செத்துவிட்டது. பழைய ஆட்டம் இல்லாமல் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தால் கம்பெனி தானாக ஒரு பழங்கதையைக் கொடுத்துவிடும். அந்தக் கதையில் தோணிக்காரர் புயலிலேயே மூழ்கிப் போயிருப்பார். அதையும் நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தேசிங்கு கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திட்டவே இல்லை. சொல்லப் போனால் கொஞ்சம் லேசான மாதிரிகூட இருந்தார். "பழைய டிஸ்க் இருக்குதுல்ல, அத போடு நைனா. கம்பெனி குடுக்கற கதைல இருக்கற கேப்டன் எவனோ, ஆளு தெரியாதவனோட நான் கடலுக்குப் போறதில்ல" என்றார். முதல் பாகத்தை முழுசாக மறுபடி ஆடினால் பன்னிரண்டு நாளும் அதற்கே சரியாகிவிடும், இரண்டாம் பாகத்தைத் தொடக்கூட நேரம் இருக்காது என்று நான் எடுத்துச் சொன்னேன். குமார் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்து நீட்டினான். நாலு வருஷம் காத்திருந்த கேம் மேஜை மேல் கிடக்க, இரண்டு பேரும் பழசை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஊரிலேயே இப்படி ஒரு கிறுக்குத்தனம் எங்கள் கடையில்தான் நடந்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு வருவார்கள். தெரிந்த வழிதான் என்பதால் வேகமாகப் போனது. போன தடவை இந்த ஊரில் என்ன செய்தோம், அந்த வியாபாரியை விட்டோமா பிடித்தோமா என்று ஒவ்வொன்றையும் ஞாபகப்படுத்தி அப்படியே செய்தார்கள். எதிர்க் கடைக் கூட்டத்தில் பாதி எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றது. யூசுப்பே கல்லாவை விட்டுவிட்டு வந்து பார்த்தான்.

பத்தாவது நாள் அந்தப் புயல் வந்தது. தோணிக்காரர் தண்ணீரில் தத்தளிக்கிறார். படகைத் திருப்பினால் படகு உடையலாம், திருப்பாமல் போனால் கிழவர் போய்விடுவார். தேசிங்கு ஆட்டத்தை நிறுத்தி, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வாட்டி நான் திருப்பலடா" என்றார். "நீ டீ வாங்கப் போயிருந்தே. நம்ம போட்டை மட்டும் எடுத்துகினு வந்துட்டேன்."

டிரைவர் புத்தி. படகையும் படகில் இருக்கிறவர்களையும் முதலில் பார்க்கும் புத்தி. குமார் டீயோடு திரும்பி வந்து கிழவர் என்ன ஆனார் என்று கேட்டபோது, பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். புயலுக்கப்புறம் அந்தப் பாகத்தில் கிழவருக்கு வேலை இல்லை என்பதால் குமாருக்குச் சந்தேகமும் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாலு வருஷம், ஒவ்வொரு தடைக்காலமும், இரண்டாம் பாகத்தில் கிழவர் வந்து இன்னின்னபடி திட்டுவார் என்று குமார் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த கேம் வராமல் தள்ளிப்போகத் தள்ளிப்போக அவருக்கு நிம்மதி. கம்பெனிக்கும் தடைக்காலம் உண்டு என்று அவர் சொன்னதை நான் பெரிய ஞானமாக எடுத்துக்கொண்டிருந்தேன். நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குமாருக்குக் கோபம்தான், கண்ணில் தெரிந்தது. பிறகு கையை நீட்டினான்.

"குடு இப்டி. நீ பாத்து சொல்லு."

அதுவரை ஆட்டத்தில் அவன் கன்ட்ரோலரைப் பிடித்ததே இல்லை. மூன்று தடவை படகை உடைத்தான். பாறை ரைட்ல, அலை பின்னால என்று தேசிங்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது தடவை கிழவர் படகின் விளிம்பைப் பிடித்து ஏறினார். ஏறினதும் கேப்டனைத் திட்டினார். குமார் சிரித்துவிட்டான். அப்போதுதான் பின்னால் நின்ற எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

முதல் பாகம் முடிந்தது அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை. மறுநாள் காலை, ஏர்போர்ட் போகும் வழியில், ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்தான். வெளி கேம் இரண்டை அழித்து இடம் பண்ணி வைத்திருந்தோம், இரண்டாம் பாகத்தைப் போட்டோம். விடிகிற நேரத்தில் ஒரு துறைமுகம், பனி, படகு மெல்லக் கரைக்கு வருகிறது. கரையில் தோணிக்காரர் நிற்கிறார். இவ்வளவு நேரமா என்று திட்டுகிறார். தேசிங்கும் குமாரும் நானும் யூசுப்பும் நின்றுகொண்டே பார்த்தோம். பத்து நிமிஷம் இருக்கும். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். தேசிங்கு ஆட்டத்தைப் பத்திரப்படுத்தி அணைத்தார். மீதி நீ வந்தப்புறம் என்றார். வாழ்க்கையில் நான் பார்த்த சந்தோஷமான முகங்களில் அந்த இரண்டையும் முன்வரிசையில் வைப்பேன்.

கடை அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடியது. சந்து ரோட்டை அகலப்படுத்தினார்கள், கட்டடம் போனது. யூசுப் வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் மொத்த வியாபாரத்தில் நன்றாக இருக்கிறான். பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வந்து துணி சுற்றி வைத்தேன். தேசிங்கு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைத் தொடவில்லை. ஆறு வருஷம் கழித்து குமார் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். இரண்டு பேரும் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். பெட்டி உயிர் பெறவில்லை. ரிப்பேர்காரர் திறந்து பார்த்து, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றார்.

இப்போது அந்த இரண்டாம் பாகத்தைக் கம்பெனி மெருகேற்றிப் புதுப் பெட்டிக்குப் போட்டிருக்கிறது. முதல் பாகம் புதுப் பெட்டியில் ஓடாது. அதனால் உலகத்தில் யார் ஆடினாலும் ஒரே பழங்கதைதான், தோணிக்காரர் புயலில் போய்விட்டார். நானும் போட்டுப் பார்த்தேன். அதே துறைமுகம், அதே பனி, படகு மெல்லக் கரைக்கு வந்தது. கரையில் யாரும் இல்லை.